வெளியிடும் முன் லாக் வரிகளை நீக்குங்கள்

உங்கள் கீபோர்டின் மேல் வரிசையில் எஃப் 12 என்று ஒரு கீ இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டே இருக்க மாட்டீர்கள். கூகுள் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் என எந்த பிரவுசரிலாவது ஓர் இணைய தளத்தைத் திறந்துகொண்டு அந்தக் கீயை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். திரையின் ஓரத்தில் புதிய கட்டம் ஒன்று திறக்கும். அதன் மேல் வரிசையில் கன்சோல் என்று ஒரு டேப் இருக்கும். அதில் கிளிக் செய்யுங்கள்.

சில தளங்களில் அந்த இடம் காலியாக இருக்கும். சில தளங்களிலோ "இங்கே வந்தாச்சு", "டெஸ்ட் 1", "டெஸ்ட் 2" என்று வரிசையாக ஏதேதோ வரும். கொஞ்சம் முன்பு நீங்கள் படிவத்தில் கொடுத்த பெயரும் மொபைல் எண்ணும் கூட அங்கே பளிச்சென்று தெரியலாம். பயப்பட வேண்டாம், இது வைரஸ் அல்ல. அந்தத் தளத்திற்கு புரோகிராம் எழுதியவர் தன் வசதிக்காகப் போட்டு வைத்த குறிப்புகள் இவை. வேலை முடிந்ததும் நீக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

வீடு கட்டும்போது சாரம் கட்டாமல் முடியாது. ஆனால் கிரகப்பிரவேசத்தன்று சாரம் அப்படியே நின்றால் நன்றாகவா இருக்கும்? புரோகிராமில் இந்தக் குறிப்பு வரிகளும் சாரம் போலத்தான். அவற்றை ஏன் நீக்க வேண்டும், எப்படி நீக்க வேண்டும், நீக்கும்போது சுவரையும் சேர்த்து இடித்துவிடாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் என்றால் என்ன?

இணையப் பக்கத்தில் எழுத்துகளையும் படங்களையும் காட்ட ஹெச்.டி.எம்.எல். போதும். ஆனால் பட்டனை அழுத்தினால் கணக்குப் போட வேண்டும், மொபைல் எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு புரோகிராம் தேவை. அந்தப் புரோகிராமை எழுதும் மொழிதான் ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். இன்று எல்லா பிரவுசர்களும் புரிந்துகொள்ளும் மொழி இது.

இதில் முக்கியமான ஒரு விஷயம் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் பார்வையாளரின் கம்ப்யூட்டருக்கே போய், அவருடைய பிரவுசரில்தான் இயங்குகிறது. ஆகவே அதில் நாம் எழுதிய ஒவ்வொரு வரியும், நமக்காகப் போட்டுக்கொண்ட குறிப்பு உட்பட, அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

லாக் வரி எதற்கு?

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். விழுப்புரத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்கு, கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் ஒரு புக்கிங் பக்கம் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், மொபைல் எண், வழக்கமான தூரம், கூடுதல் தூரம் என்று நான்கு கட்டங்கள். கிலோ மீட்டருக்கு 15 ரூபாய். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கி.மீ. வழியில் கூட்டேரிப்பட்டில் திரும்பி மயிலம் முருகன் கோயிலுக்கும் போய்வரக் கூடுதலாக 8 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 கி.மீ., கட்டணம் 720 ரூபாய்.

அவர் எழுதிய வரிகள் இவை:

தூரம் = வழக்கமான + கூடுதல்;
கட்டணம் = தூரம் * 15;

(தூரம், கட்டணம் போன்ற பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். இனி வரும் இஃப், கன்சோல்.லாக் போன்ற கட்டளைகளை மட்டும் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தந்திருக்கிறோம்.)

பட்டனை அழுத்தினால் கட்டணம் 6,120 ரூபாய் என்று வருகிறது! தவறு எங்கே? பார்த்தால் வரிகள் இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. அப்போது அவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வரியைச் சேர்க்கிறார்:

கன்சோல்.லாக்("தூரம்:", தூரம்);

இந்த வரி பக்கத்தில் எதையும் காட்டாது. கன்சோலில் மட்டும் தூரத்தின் மதிப்பை எழுதும். எஃப் 12 அழுத்திப் பார்த்தால் "தூரம்: 408" என்று இருக்கிறது. விஷயம் புரிந்துவிட்டது. கட்டத்தில் டைப் செய்வது எதுவானாலும் ஜாவாஸ்கிரிப்ட் அதை எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் கூட்டாது, ஒட்டிவிடும். 40 என்பதோடு 8 ஒட்டி 408 ஆகிவிட்டது. 408ஐ 15ஆல் பெருக்கினால் 6,120. இரண்டையும் நம்பர் என்ற கட்டளையால் எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டினால் 720 ரூபாய் சரியாக வருகிறது.

இப்படித் தவறைத் தேடிக் களைவதற்குத்தான் டீபக் செய்வது என்று பெயர். லாக் வரி அதற்கான எளிய கருவி. முன்பெல்லாம் இதற்கு அலெர்ட் என்ற கட்டளையைப் பயன்படுத்தினார்கள். அது ஒவ்வொரு முறையும் திரையின் நடுவில் பெட்டியைக் காட்டி ஓகே அழுத்தச் சொல்லும். 2006ஆம் ஆண்டு ஜோ ஹெவிட் என்பவர் பயர்பாக்ஸ் பிரவுசருக்காக ஃபயர்பக் என்ற இணைப்பை வெளியிட்டார். கன்சோலில் குறிப்பு எழுதும் பழக்கம் பரவலானது அதன் பிறகுதான். இன்று எல்லா பிரவுசர்களிலும் இந்த வசதி உள்ளேயே வந்துவிட்டது.

அப்படியே விட்டுவிட்டால் என்ன?

தவறைக் கண்டுபிடித்தாயிற்று. வரி அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். "தூரம்: 48" என்ற குறிப்பால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதும் உண்மைதான். ஆனால் யாரும் ஒரு லாக் வரியோடு நிறுத்துவதில்லை. அடுத்த சந்தேகத்துக்குப் பெயர், மொபைல் எண் உட்பட புக்கிங் விவரம் முழுவதையும் கன்சோலில் எழுதச் சொல்லிப் பார்ப்போம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, பிறர் தகவல் வெளியாகும். நாம் எஃப் 12 அழுத்தாவிட்டாலும் கன்சோலில் குறிப்புகள் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். பக்கத்தை மூடும் வரையோ புதுப்பிக்கும் வரையோ அவை அழியாது. வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் பரவாயில்லை. பிரவுசிங் சென்டரிலோ அலுவலகத்திலோ பலர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டரில், முதலில் வந்தவர் புக் செய்துவிட்டுப் பக்கத்தை மூடாமல் எழுந்து போனால், அடுத்து உட்காருபவர் ஒரே கீயில் அவருடைய மொபைல் எண்ணைப் பார்த்துவிடலாம். படிவத்தில் கட்டங்கள் காலியாகிவிட்டதால் பத்திரம் என்று முதலாமவர் நினைத்திருப்பார். மேலும், தளத்தில் ஏற்படும் பிழைகளைத் திரட்டித் தரும் சேவைகளில் சில, கன்சோல் குறிப்புகளையும் சேர்த்துத் தங்கள் சர்வருக்கு எடுத்துச் செல்கின்றன. அப்போது வாடிக்கையாளரின் எண் மூன்றாம் மனிதரிடம் போய்விடுகிறது.

இந்த மறதி சிறிய தளங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2018ஆம் ஆண்டு மே மாதம் டுவிட்டர் நிறுவனம் தன் 33 கோடிக்கும் அதிகமான பயனாளர்களிடம் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. பாஸ்வேர்டை உருமாற்றிப் பாதுகாக்கும் முன்பே, அது உள்ளபடியே உள் லாக் ஒன்றில் பதிவாகியிருந்தது என்பதுதான் காரணம். 2019 மார்ச்சில் பேஸ்புக் நிறுவனமும், பல கோடிப் பேரின் பாஸ்வேர்டுகள் படிக்கக்கூடிய வடிவில் தன் உள் அமைப்புகளில் சேமிக்கப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. இவை சர்வரில் நடந்தவை, பிரவுசரில் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். லாக்கில் எதை எழுதுகிறோம் என்பதை எழுதும்போதே யோசிக்க வேண்டும். பிறருடைய தகவலை வாங்கி வைப்பவர் அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் உடையவர் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

இரண்டாவது, பக்கமே நின்றுபோகலாம். இது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காலத்துக் கதை. அதன் 6, 7 பதிப்புகளில் கன்சோலே கிடையாது. 8, 9 பதிப்புகளில் எஃப் 12 கட்டத்தைத் திறந்திருந்தால் மட்டுமே கன்சோல் உண்டு. மறந்துபோன ஒரு லாக் வரியைச் சந்தித்ததும், "கன்சோல் என்றால் என்னவென்று தெரியாது" என்று அந்த பிரவுசர் புரோகிராமை அங்கேயே நிறுத்திவிடும். எழுதியவர் எஃப் 12 கட்டத்தைத் திறந்து வைத்துச் சோதிப்பார், ஒழுங்காக ஓடும். வாடிக்கையாளர் வீட்டில் பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்காது. தவறைத் தேட அவர் மீண்டும் எஃப் 12 அழுத்துவார், உடனே தவறு மறைந்துவிடும்! பலரைத் தூங்க விடாத பிழை இது. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாப்ட் அந்த பிரவுசருக்கு விடை கொடுத்துவிட்டது. இன்றைய பிரவுசர்களில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, வேகம் குறையும். ஒன்றிரண்டு லாக் வரிகளால் எதுவும் ஆகாது. ஆயிரக்கணக்கான முறை சுற்றும் லூப்புக்குள் ஒரு லாக் வரி இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது எழுதப்படும். பழைய கம்ப்யூட்டரிலும் விலை குறைந்த மொபைலிலும் பக்கம் திணறுவது கண்ணுக்கே தெரியும்.

அழிக்கும்போது கவனம்!

சரி, எடிட்டரில் கன்சோல்.லாக் என்று தேடி, வந்த வரிகளையெல்லாம் அழித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். நமது வாடகைக் கார் பக்கத்தில் இப்படி மூன்று வரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்:

இஃப் (தூரம் > 100)
கன்சோல்.லாக்("நீண்ட பயணம்");
கட்டணம் = தூரம் * 15;

இஃப் என்றால் "அப்படியானால்" என்று பொருள். தூரம் 100க்கு மேல் இருந்தால் குறிப்பு எழுது என்பது முதல் இரண்டு வரிகள். கட்டணத்தைக் கணக்கிடு என்பது தனி வரி. எல்லாப் பயணத்துக்கும் அது நடக்கும்.

இப்போது நடுவில் உள்ள லாக் வரியை மட்டும் அழித்துவிட்டுப் படியுங்கள். தூரம் 100க்கு மேல் இருந்தால் மட்டும் கட்டணத்தைக் கணக்கிடு என்று ஆகிவிட்டது! நெளிவு அடைப்புக்குறி போடாத இஃப் கட்டளை, தனக்கு அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளையைத் தனக்குரியதாக எடுத்துக்கொள்ளும். லாக் வரி போனதும் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டது. வரியை அழிக்காமல் அதற்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு மறைத்தாலும் இதே கதைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விழுப்புரத்திலிருந்து சென்னைக்குச் சோதித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். தூரம் 150 கி.மீ.க்கு மேல். திண்டிவனத்துக்கு புக் செய்பவருக்கு மட்டும் கட்டணக் கட்டம் காலியாக நிற்கும். எழுதியவர் சென்னையை மட்டும் சோதித்துவிட்டு வெளியிட்டிருந்தால், பக்கத்து ஊர் வாடிக்கையாளர் போன் செய்து திட்டும்போதுதான் தெரியவரும். ஆகவே இஃப் கட்டளைக்கு எப்போதும் நெளிவு அடைப்புக்குறி போட்டு எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. சிலர் லாக் வரிக்குள்ளேயே ஒரு வேலையையும் செய்துவிடுவார்கள். "புக்கிங் எண்ணை ஒன்று கூட்டி அதைக் கன்சோலில் எழுது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், அந்த வரியை நீக்கும்போது எண் கூடுவதும் நின்றுவிடும். எல்லாருக்கும் ஒரே புக்கிங் எண் போகும். லாக் வரி வேடிக்கை பார்க்க மட்டுமே, வேலை செய்ய அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

எப்படி நீக்குவது?

1. முதலில் முழு போல்டரையும் இன்னொரு பெயரில் காப்பி எடுத்து வையுங்கள். ஏதாவது கெட்டால் திரும்பி வர வழி வேண்டும்.

2. நோட்பேட் பிளஸ் பிளஸ், விஷுவல் ஸ்டூடியோ கோட் இரண்டும் இலவச எடிட்டர்கள். இரண்டிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் ஆகிய மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால், போல்டரில் உள்ள எல்லா பைல்களிலும் ஒரே நேரத்தில் தேடலாம். கன்சோல் என்று தேடுங்கள். அதோடு அலெர்ட், டீபக்கர் ஆகிய சொற்களையும் தேடுங்கள். மறந்துபோன அலெர்ட் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே பெட்டியைக் காட்டும். டீபக்கர் என்ற வரி, எஃப் 12 கட்டம் திறந்திருந்தால் புரோகிராமை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

3. வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முந்தைய வரி இஃப்தானா, வரிக்குள் வேறு வேலை ஏதும் நடக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். பத்து, இருபது வரிகள் என்றால் இதற்குக் கால் மணி நேரம் போதும்.

4. புரோகிராம் பெரிதாகிவிட்டால் கருவியை நாடுங்கள். டெர்சர் என்ற இலவச புரோகிராம் ஜாவாஸ்கிரிப்ட் பைலைச் சுருக்கித் தரும். அதில் டிராப் கன்சோல் என்ற வசதியைத் தேர்வு செய்தால் கன்சோல் கட்டளைகளையெல்லாம் தானே நீக்கிவிடும். அது மொழியின் இலக்கணம் தெரிந்து நீக்குவதால் மேலே சொன்ன இஃப் பொறியில் மாட்டாது. ஆனால் லாக் வரிக்குள் வேலை ஏதும் ஒளிந்திருந்தால் அதையும் சேர்த்தே நீக்கிவிடும். அதுமட்டுமல்ல, பிழைச் செய்தி எழுதும் கன்சோல்.எரர் கட்டளையும் போய்விடும். லாக் மட்டும் போக வேண்டும், உள்ளே இருக்கும் வேலை தங்க வேண்டும் என்றால் அதிலேயே உள்ள பியூர் ஃபங்க்ஸ் என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

5. மறதிக்கு மருந்து வேண்டுமா? ஈஎஸ்லிண்ட் என்ற கருவியில் நோ கன்சோல் என்று ஒரு விதி இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால், லாக் வரி எங்கே மிச்சமிருந்தாலும் இன்ன பைலில் இன்ன வரி என்று சுட்டிக்காட்டும். அது தானாக நீக்காது, நினைவுபடுத்த மட்டும் செய்யும். புதியவர்களுக்கு இதுவே நல்லது.

6. கடைசியாக, நீக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை முழுவதையும் சோதியுங்கள். சென்னைக்கும் புக் செய்யுங்கள், திண்டிவனத்துக்கும் புக் செய்யுங்கள், விக்கிரவாண்டிக்கும் புக் செய்யுங்கள். பெரிய எண், சிறிய எண், காலிக் கட்டம் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் நீக்க வேண்டுமா?

வேண்டாம். உண்மையிலேயே பிழை ஏற்பட்டால் அதைச் சொல்லும் கன்சோல்.எரர் வரிகளை விட்டு வைக்கலாம். வாடிக்கையாளர் போன் செய்யும்போது "எஃப் 12 அழுத்துங்கள், சிவப்பில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் அந்தச் செய்தியில் "கட்டணம் கணக்கிட முடியவில்லை" என்பது போன்ற விவரம் மட்டும் இருக்கட்டும். பெயர், எண், பாஸ்வேர்டு எதுவும் கூடாது.

லாக் வரியை நீக்கினால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிடும் என்றும் நினைக்கக் கூடாது. எஃப் 12 கட்டத்திலேயே கன்சோலுக்குப் பக்கத்தில் நெட்வொர்க் என்று ஒரு டேப் இருக்கும். சர்வரிலிருந்து பிரவுசருக்கு வந்த அத்தனையும் அங்கே தெரியும். ஒருவருடைய புக்கிங்கைக் காட்ட எல்லாருடைய பட்டியலையும் சர்வர் அனுப்பிவிட்டு, பக்கத்தில் ஒன்றை மட்டும் காட்டினால், லாக் வரி இல்லாவிட்டாலும் மற்ற அனைத்தும் அங்கே படிக்கக் கிடைக்கும். பார்க்கக் கூடாத தகவலை சர்வர் அனுப்பவே கூடாது. பாஸ்வேர்டையும் ரகசியக் குறியீட்டையும் ஜாவாஸ்கிரிப்ட் பைலுக்குள் எழுதவே கூடாது. சாரத்தைப் பிரிப்பது வீட்டைச் சுத்தமாக்கும், கதவுக்குப் பூட்டு ஆகாது.

புரோகிராம் எழுதாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "இதைக் காப்பி செய்து கன்சோலில் பேஸ்ட் செய்தால் பரிசு கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே நீங்கள் பேஸ்ட் செய்யும் கட்டளை உங்கள் பெயரிலேயே இயங்கும். உங்கள் கணக்கு அவர் கைக்குப் போய்விடலாம். இதற்காகவே பேஸ்புக் தளத்தில் கன்சோலைத் திறந்தால் "நிறுத்துங்கள்" என்ற பொருளில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரும். கன்சோலைப் பார்ப்பதில் ஆபத்தில்லை, தெரியாததைப் பேஸ்ட் செய்வதில்தான் ஆபத்து.

இந்தத் துறையில் வேலை என்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும் என்றிருந்த நிலை மெல்ல மாறி வருகிறது. விழுப்புரம் மாவட்டம் வானூர் அருகே திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. விழுப்புரம் குனூ லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளையும் புரோகிராமிங்கையும் இலவசமாகக் கற்றுத் தருகிறது. நாளை நீங்களோ உங்கள் பிள்ளைகளோ எழுதும் பக்கத்தை நம்பி யாரோ ஒருவர் தன் மொபைல் எண்ணை டைப் செய்யப் போகிறார். அந்தப் பக்கத்தை வெளியிடும் முன் ஒரே ஒரு முறை எஃப் 12 அழுத்தி, அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கன்சோல் காலியாக இருந்தால், தாராளமாக வெளியிடலாம்.